உடும்பு நெய்யும் பாம்புப் பித்தமும்: எது மருந்து, எது மயக்கம்?



இந்த இதழின் சுகாதாரப் பகுதியில் நம் லயத்து வீடுகளில் அடிக்கடி அடிபடும் ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். "பிள்ளைக்கு இழுப்பா? பழந்தின்னி வௌவால் கறி கொடு, நின்னு போகும்." "மூட்டு வலியா? உடும்பு நெய் தேய்." "கண் மங்கலா? பாம்புப் பித்தத்தைப் பச்சையா முழுங்கு." "காய்ச்சல் தணியலையா? முள்ளம்பன்றிக் கல்லை உரைச்சுக் குடி." இப்படிப்பட்ட யோசனைகளைக் கேட்காத தோட்டம் மலேசியாவில் உண்டா? தமிழர், மலாய்க்காரர், சீனர், கடல் தாண்டி வேலைக்கு வந்திருக்கும் சகோதரர்கள் என்று எல்லோரிடமும் இந்த நம்பிக்கை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

இவற்றில் சில உடம்புக்குக் கெடுதல் செய்யாதவை. சில வீண் செலவு. சில உயிரையே பறிப்பவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். யாரையும் கேலி செய்வதற்காக எழுதவில்லை. பாட்டி சொன்னதையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்றும் சொல்லவில்லை. நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

முன்னோர்கள் மூடர்கள் அல்லர்

நம் சித்த வைத்தியத்தில் மருந்துப் பொருள்களைத் தாவரம், தாது, சீவம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சீவம் என்றால் உயிரினங்களிலிருந்து கிடைப்பவை. சங்கு, பவளம், முத்துச்சிப்பி, ஆமை ஓடு, மயிலிறகு, கஸ்தூரி, புனுகு, மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்லாகிய கோரோசனை எல்லாம் இந்த வகுப்பில் அடங்கும். விக்கலுக்கும் வாந்திக்கும் மயிலிறகைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இதில் விளங்கிக்கொள்ளக்கூடிய விஷயமும் இருக்கிறது. சங்கைப் புடம் போட்டுச் செய்யும் பற்பத்தில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அது வயிற்றில் சுரக்கும் புளிப்பு நீரைத் தணிக்கும். ஆகவே நெஞ்செரிச்சலுக்கு அது கொஞ்சம் சுகம் தந்தால் அதில் அதிசயம் இல்லை.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி இல்லை, ஊசி இல்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு நோயோடு போராடினார்கள். ஆனால் இன்று நமக்கு அரசாங்க கிளினிக் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுக் காட்டு விலங்கைத் தேடி ஓடுவதுதான் தவறு.

ஆங்கில மருந்திலும் விலங்கு உண்டு

"எங்க மருந்தை மட்டும் குறை சொல்றீங்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளிலும் பல, விலங்குகளிடமிருந்து வந்தவைதான்.

இனிப்பு நீர் நோய்க்குப் போடும் இன்சுலின் ஊசியைப் பாருங்கள். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களின் கணையத்தில் ஆராய்ச்சி செய்து இதைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போடப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுத்தார்கள். 1982-இலிருந்து கிருமிகளைக் கொண்டு மனித இன்சுலினையே தொழிற்சாலையில் செய்யும் முறை வந்துவிட்டது.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. மாட்டுக் கணையத்தைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் இனிப்பு நீர் குறையுமா? குறையாது! வயிற்றுக்குள் போன இன்சுலின் மற்றக் கறியைப் போலவே செரித்துப் போய்விடும். அதனால்தான் ஊசியாகப் போடுகிறோம். ஆகவே ஒரு விலங்கின் உடம்பில் மருந்துப் பொருள் இருப்பது வேறு, அந்த விலங்கைத் தின்றால் நோய் தீர்வது வேறு.

இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பிரேசில் நாட்டில் ஒருவகை விரியன் கடித்தால் மனிதனுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அந்த நஞ்சில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து, அதைப் பின்பற்றித் தொழிற்சாலையில் செய்த மாத்திரை காப்டோபிரில். 1981-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று உங்களில் பலர் சாப்பிடும் எனலாபிரில், பெரிண்டோபிரில் மாத்திரைகளும் அதே குடும்பம்தான். பயப்படாதீர்கள், மாத்திரையில் பாம்பு நஞ்சு இல்லை. யோசனைதான் பாம்பிடமிருந்து வந்தது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பினாங்கு ஆஸ்பத்திரியில் வேலை செய்த டாக்டர் அலிஸ்டர் ரீட், பாம்பு கடித்து வந்த ஏராளமானவர்களைக் கவனித்தார். வட மாநில ரப்பர் தோட்டங்களில் மிகுதியாகக் கடிப்பது மலாயா விரியன். மலாய்க்காரர் இதை ஊலார் காப்பாக் போடோ என்பார்கள். இது கடித்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருப்பதை ரீட் கண்டறிந்தார். அந்த நஞ்சிலிருந்து ஆர்வின் என்ற பெயரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தும் வந்தது. நம் தோட்ட மக்கள் பட்ட துன்பத்திலிருந்து உலகத்துக்கு ஓர் அறிவு கிடைத்தது.

அட்டையைச் சொல்லாமல் விடலாமா? வெட்டுப்பட்ட விரலைத் திரும்ப ஒட்டித் தைத்த பிறகு அதில் இரத்தம் தேங்கி நீலம் பாரித்தால், சுத்தமாக வளர்த்த அட்டைகளை விட்டு அந்த இரத்தத்தை உறிஞ்ச வைக்கிறார்கள் அறுவை டாக்டர்கள். காட்டு அட்டையை அல்ல, ஆஸ்பத்திரிக்கென்று வளர்த்த அட்டையை!

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? மூன்று விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, வேண்டிய பொருளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். இரண்டு, இத்தனை எடைக்கு இத்தனை அளவு என்று கணக்கு வைக்கிறார்கள். மூன்று, நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாசார் மாலாமில் பாம்பை மேசையில் போட்டு எண்ணெய் விற்பவனிடம் இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா? கேட்டுப் பாருங்கள்.

"ஆனா, எனக்குக் குணமாச்சே!"

இதுதான் நான் கிளினிக்கில் அதிகம் கேட்கும் வார்த்தை. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குணமானது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதனால் குணமானது?

முதலாவது, பல நோய்கள் தாமாகவே ஏறி இறங்கும். மூட்டு வலி ஒரு வாரம் கொல்லும், அடுத்த வாரம் விட்டுவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் உடும்பைத் தேடுகிறோம். அது தானாக இறங்கும் நேரத்தில் உடும்புக்குப் பேர் வந்துவிடுகிறது.

இரண்டாவது, சின்ன வயதில் இழுப்பு இருந்த பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது குறைந்துவிடும். எட்டு வயதில் வௌவால் கறி, பத்து வயதில் இழுப்பு இல்லை என்றால், பெருமை வௌவாலுக்குப் போகிறது.

மூன்றாவது, பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நஞ்சு ஏறுவதில்லை. நஞ்சில்லாத பாம்பாக இருக்கலாம். நஞ்சுள்ள பாம்பே கடித்தும் நஞ்சைச் செலுத்தாமல் விடலாம். ரீட் கவனித்த விரியன் கடிகளிலும் பலருக்கு நஞ்சு சிறிதளவே ஏறியிருந்தது, அல்லது ஏறவே இல்லை. அப்படிப்பட்ட கடிக்கு எந்தக் கல்லை வைத்தாலும் ஆள் பிழைப்பார். கல்லை வைத்து இறந்துபோனவர் திரும்பி வந்து நமக்குக் கதை சொல்ல மாட்டார் அல்லவா?

நான்காவது, சில தூள்களில் விற்பவன் சொல்லாத ஆங்கில மருந்து ஒளிந்திருக்கிறது. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இழுப்பு நோயும் வௌவால் கறியும்

ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயில் மூச்சுக் குழாய்களின் உட்சுவர் வீங்கி, தசைகள் இறுகி, காற்றுப் போகும் வழி சுருங்கிவிடுகிறது. நாம் சாப்பிடும் கறி வயிற்றுக்குப் போகிறது, மூச்சுக் குழாய்க்குப் போவதில்லை. வௌவாலோ, உடும்போ, குரங்கோ, எதைத் தின்றாலும் அது வெறும் கறிதான்.

ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்தார். நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. "இன்ஹேலர் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, வௌவால் கறி சாப்பிட்டா மூணு மாசத்துக்குப் பம்பு அடிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க" என்றார். பிள்ளைக்கு நெபுலைசர் வைத்து, ஆக்சிஜனோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டது. கறி அந்தப் பிள்ளையைக் கெடுக்கவில்லை. கறியோடு வந்த "பம்பு அடிக்காதே" என்ற பத்தியம்தான் கெடுத்தது. இதைத்தான் எல்லோரும் ஊன்றிக் கவனிக்க வேணும்.

நீல நிற இன்ஹேலர் இறுகிய குழாயை உடனே தளர்த்தும். தினசரி அடிக்கக் கொடுக்கும் தடுப்பு இன்ஹேலர் உள்வீக்கத்தைக் குறைக்கும். நல்லா இருக்கும்போதும் தடுப்பு இன்ஹேலரை விடக்கூடாது. "பம்பு பழகிப் போயிடும்" என்பது வெறும் பயம். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்னும் குப்பியை மாட்டி அடித்தால் மருந்து சரியாக நுரையீரலுக்குப் போகும்.

வீட்டுக்குள் கொசுவர்த்திப் புகை, சிகரெட், குப்பை எரிக்கும் புகை, தூசு பிடித்த மெத்தை ஆகியவற்றைக் குறையுங்கள். புகைமூட்டக் காலத்தில் பிள்ளைகளை வெளியே ஓட விடாதீர்கள். உதடு நீலமானால், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டால், நெஞ்சு குழி விழுந்து இழுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து நீல இன்ஹேலரை அடித்துக்கொண்டே உடனே புறப்படுங்கள்.

பாம்பு கடித்தால்

செம்பனைக் குலை வெட்டும்போதும், இருட்டில் பால் மரத்து நிரையில் நடக்கும்போதும் பாம்புக் கடிக்கு ஆளாகும் வாய்ப்பு நமக்கு அதிகம். மலாயா விரியன் ஆள் வருவது கண்டு ஓடாது. காய்ந்த இலைகளோடு இலையாகப் படுத்திருக்கும், மிதித்தால்தான் கடிக்கும்.

இதற்கு நம்மிடையே உள்ள வைத்தியங்களைப் பாருங்கள். கருப்புப் பாம்புக்கல்லை வைப்பது, கோழிக்குஞ்சின் ஆசனவாயைக் கடிவாயில் பிடிப்பது, பாம்பின் பித்தத்தைக் குடிப்பது, பார்வை பார்த்து மந்திரிப்பது. பாம்புக்கல் என்பது பெரும்பாலும் சுட்ட மாட்டெலும்புதான். அதிலுள்ள நுண்ணிய ஓட்டைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் தோலில் ஒட்டிக்கொள்கிறது. "நஞ்சு இழுக்குது பார்" என்கிறார்கள். நஞ்சு தோலின் மேல் உட்கார்ந்திருந்தால் அல்லவா இழுக்க? பல்லின் வழியாக அது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

உள்ளே போன நஞ்சை முறிக்க ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நச்சுமுறிவு ஊசி. இதுவும் விலங்கு தந்த மருந்துதான்! குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு நஞ்சை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துச் செய்கிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் போடும் மருந்து தாய்லாந்தின் பாங்காக் நகரிலுள்ள ராணி சாவோபா நிலையத்தில் தயாராகி வருகிறது. விரியனுக்கு வேறு, நாகத்துக்கு வேறு, ராஜநாகத்துக்கு வேறு.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கைக்கயிறு, காலணி எல்லாவற்றையும் கழற்றுங்கள், பின்னால் வீங்கும். கை, காலை அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டால் டாக்டருக்கு உதவும். எட்ட நின்று கைத்தொலைபேசியில் பாம்பைப் படம் பிடிக்க முடிந்தால் நல்லது. அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபட வேண்டாம். செத்த பாம்பின் தலையையும் தொடாதீர்கள், அதுவும் கடிக்கும்.

கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், சாராயம் கொடுக்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் கூடாது. "ஒன்னும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகணும். விரியன் கடியில் இரத்தம் உறையாமல் போவதும், நாகக் கடியில் கண் இமை தொங்கி மூச்சு அடைப்பதும் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

நாகம் கண்ணில் நஞ்சைத் துப்பினால் தாய்ப்பாலோ, மூத்திரமோ விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொழிலாளர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். வேலை நேரத்தில் வேலையிடத்தில் பாம்பு கடித்தால் அது வேலை விபத்து. சொக்சோ சட்டப்படி முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் மந்திரிக்கிறவரிடம் போய்விட்டு, மூன்றாம் நாள் கால் அழுகி வந்தால், உயிருக்கும் ஆபத்து, கடித்ததற்குப் பதிவும் இருக்காது. முதலில் கிளினிக், உடனே பதிவு. மந்திரிப்பதில் மனசுக்கு ஆறுதல் என்றால் ஊசி போட்டு வந்த பிறகு செய்துகொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

பித்தம் என்னும் விஷம்

பாம்புப் பித்தம், கரடிப் பித்தம், மீன் பித்தம் என்று பித்தத்துக்கு எங்கும் மவுசு. இதில் மீன் பித்தத்தைப் பற்றி மிகவும் எச்சரிக்கிறேன். புல் கெண்டை, ரோகு போன்ற கெண்டை இன மீன்களின் பித்தப்பையை முழுங்கினால், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு ஈரல் கெட்டு, இரண்டு மூன்று நாளில் சிறுநீர் நின்று போகும். கண் தெளியும் என்று முழுங்கியவர்கள் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் மெஷினில் படுத்த செய்திகள் சீனா, இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மீன் ஆய்ந்தால் பித்தப்பையைத் தூக்கி எறியுங்கள்.

பாம்பின் பச்சை இரத்தத்திலும் பித்தத்திலும் கிருமிகளும், பாம்பின் உடம்பில் வாழும் புழுக்களின் முட்டைகளும் இருக்கலாம். பச்சைத் தவளைச் சதையைப் புண்ணான கண்ணில் வைத்துக் கட்டும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. அதனால் புழு கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. பச்சையாக எதையும் வேண்டாம்.

கரடிப் பித்தத்தில் பித்தக்கல்லைக் கரைக்கும் ஒரு பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் அதே பொருளை இன்று மாட்டுப் பித்தத்தைக் கொண்டு தொழிற்சாலையில் மாத்திரையாகச் செய்துவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். கரடியைக் கொல்ல என்ன அவசியம்?

பச்சைக் குழந்தையும் நாய்க் கடியும்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணமோ, சாணச் சாம்பலோ வைக்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இன்னும் எங்காவது ஒரு பாட்டி சொன்னால் கேட்காதீர்கள். சாணத்தில் தசைவிறைப்பு நோயின் கிருமி இருக்கும். அது தொப்புள் வழியாகப் போனால் குழந்தை பால் குடிக்க வாய் திறக்காமல் விறைத்துச் செத்துப்போகும். கொடியைச் சுத்தமாக, உலர்வாக விட்டாலே தானாக விழும். கர்ப்பிணிகள் தசைவிறைப்புத் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேன் தடவாதீர்கள். தேனில் உள்ள ஒருவகைக் கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

நாய் கடித்தால், கடித்த நாயின் முடியைச் சுட்டு வைப்பதும், மஞ்சள், சுண்ணாம்பு அப்புவதும் பழைய வழக்கம். வெறிநாய் நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் பலரைப் பலிகொண்டிருக்கிறது. நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. கடித்தவுடன் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள்.

பாக்கெட்டுத் தூளில் ஒளிந்திருப்பது

"முதலை எலும்புத் தூள், பாம்புத் தூள், இரண்டே நாளில் வலி போகும்" என்று விற்கிறார்களே, சில பேருக்கு உண்மையாகவே இரண்டு நாளில் வலி போகிறது. காரணம் முதலை அல்ல. பல தூள்களிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இந்த மருந்து வலியையும் இழுப்பையும் சட்டென்று அமுக்கும். பசி எடுக்கும், முகம் நிலா மாதிரி உருண்டு வரும். "உடம்பு தேறிட்டுது" என்று சந்தோஷப்படுவோம். உள்ளே இனிப்பு நீர் ஏறும், இரத்தக் கொதிப்பு ஏறும், எலும்பு பலவீனமாகும், வயிற்றில் புண் வரும்.

பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மயங்கி விழக்கூடும். ஆகவே அப்படிப்பட்ட தூள் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்த கையோடு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

மலேசியாவில் விற்கும் பாரம்பரிய மருந்துகளுக்கு அரசாங்கப் பதிவு வேண்டும். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண்ணும், ஒளிரும் முத்திரைச் சீட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண் இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை. எண்ணே இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

காட்டு விலங்கும் சட்டமும்

1998, 1999-ஆம் ஆண்டுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பேராவில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை பரவிய நிப்பா நோய் நம் நாட்டில் 105 பேரைப் பலிகொண்டது. பழந்தின்னி வௌவாலிடம் இருந்த கிருமி பன்றிகளுக்குத் தாவி, பன்றிகளிடமிருந்து மனிதருக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். வௌவாலைப் பிடித்து, அறுத்து, சுத்தம் செய்யும் கைக்கு அதன் எச்சில், சிறுநீர், இரத்தம் எல்லாம் படுகிறது. மருந்து தேடப் போய் நோயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா?

2010, 2011 வாக்கில் தொக்கே பல்லிக்கு ஆயிரக்கணக்கில் விலை என்று ஒரு புரளி கிளம்பியது. எய்ட்ஸ் நோய்க்கு மருந்தாம்! வேலையை விட்டுவிட்டு இரவு பகலாகப் பல்லி தேடி அலைந்தவர்கள் உண்டு. அந்தப் பல்லியால் எய்ட்ஸ் குணமாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எறும்புத்தின்னியின் செதிலும் அப்படித்தான். அது நம் நகமும் முடியும் ஆகியிருக்கும் அதே பொருளால் ஆனது. நகத்தைத் தின்றால் நோய் தீருமா?

எறும்புத்தின்னி, தேன்கரடி, புலி மூன்றும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்றவை. 2022-இல் தண்டனையை மேலும் கடுமையாக்கினார்கள். உடும்பு, மலைப்பாம்பு ஆகியவற்றையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிக்கக் கூடாது. வாங்குகிற வியாபாரி காரில் போய்விடுவான். வலையோடு அகப்படுவது செம்பனைக் காட்டில் நிற்கும் நம் ஆள்தான். ஜெயிலுக்குப் போனால் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?

கெடுதல் இல்லாதவை

எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன். ஆட்டுக்கால் சூப், நாட்டுக்கோழி ரசம், முட்டை, பால், மோர் எல்லாம் நல்ல உணவு. காய்ச்சலில் எழுந்தவருக்குத் தெம்பு தரும், தாராளமாகக் கொடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு கரண்டி தேன் கொடுத்தால் இருமல் கொஞ்சம் தணியும், ஆராய்ச்சியிலும் இது தெரிந்திருக்கிறது. வலிக்கிற மூட்டில் எண்ணெய் தேய்த்தால் சுகமாக இருப்பது தேய்க்கும் கையின் சூட்டாலும் அழுத்தத்தாலும்தான். அதற்கு நல்லெண்ணெய் போதும், உடும்பு சாக வேண்டியதில்லை. புண்ணின் மேல் மட்டும் எந்தக் கொழுப்பையும் தடவாதீர்கள், அதிலும் இனிப்பு நீர்க்காரர் காலில் தடவவே கூடாது.

கடைசியாகச் சில வார்த்தை

எந்த நாட்டு மருந்தை யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை உள்ளுக்குச் சாப்பிட்டால் அல்லது புண்ணில் வைத்தால் கெடுதல் உண்டா? இதற்காக டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? இதனால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிறதா? மூன்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஒரு மலைப்பாம்புப் பித்தத்துக்குக் கேட்கிற விலையில் எத்தனை தடவை போய் வரலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தோட்டக் கமிட்டித் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடுராத்திரியில் பாம்பு கடித்தாலோ, பிள்ளைக்கு மூச்சு அடைத்தாலோ, எந்த வண்டி, எந்த டிரைவர், எந்த ஆஸ்பத்திரி என்பது எல்லா லயத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே நிர்வாகத்திடம் பேசி முடிவு செய்யுங்கள். வண்டி கிடைக்காத ராத்திரியில்தான் பல குடும்பங்கள் மந்திரிக்கிறவர் வாசலில் போய் நிற்கின்றன. 999 எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் தயங்காமல் உங்கள் தோட்ட கிளினிக்கில் கேளுங்கள். நலமாக வாழுங்கள்.